இறுக்கினால் நிற்காத ஒழுகல்

பைக்கில் எண்ணெய் ஒழுகுகிறது என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில் ஒன்றுதான்: "அந்த போல்ட்டை இன்னொரு சுற்று இறுக்கிப் பாரேன்." கோப்பிக்கடையில் சொல்வார்கள், வாட்ஸ்அப் குழுவில் சொல்வார்கள். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத ஆள்கூடக் குனிந்து பார்த்துவிட்டுச் சொல்வார். நல்ல மனசோடு சொல்வதுதான். ஆனால் எஞ்சினின் ஆயில் பைப் இணைப்புகளைப் பொறுத்தவரை இதைவிடக் கெடுதலான யோசனை இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

என்னுடையது யமஹா எஸ்ஆர் 400. ஒற்றை சிலிண்டர், 399 சிசி, காற்றில் குளிரும் எஞ்சின். செல்ஃப் கிடையாது, கிக் மட்டும்தான். 1978இல் எஸ்ஆர் 500உடன் ஜோடியாக வெளிவந்த வடிவம், பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் 2021இன் இறுதிப் பதிப்பு வரை வந்தது. இங்கே சிங்கப்பூரில் 2ஏ உரிமம் 201 சிசியிலிருந்து 400 சிசி வரைக்கும் என்பதால், அந்த உரிமத்தை எடுத்த கையோடு இந்த வண்டியின் மேல் ஆசைப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

என் வண்டி 2002இல் சிங்கப்பூரில் பதிவானது. 2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்கள் 2028 ஜூன் 30க்குப் பிறகு சாலையில் ஓடக்கூடாது என்று இங்கே முடிவாகிவிட்டது. அந்தக் காலத்து வண்டிகளின் புகை அதிகம், காற்றுக்குக் கெடுதல். அந்தக் காரணம் எனக்குப் புரிகிறது, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதுவரை இருக்கும் நாள்களில் இந்த எஞ்சின் சுத்தமாக, சொட்டு எண்ணெய் சிந்தாமல் ஓட வேண்டும். "எப்படியும் போகப்போற வண்டிதானே, எதுக்கு இவ்ளோ செலவு?" என்று கேட்பவர்கள் உண்டு. போகப்போகிறது என்பதால்தான் இவ்வளவும் செய்கிறேன். தவிர, மோட்டார்சைக்கிள் வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழ் 2022இல் 12,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தாண்டியதைப் பார்த்த ஊர் இது. இருக்கும் வண்டியை நன்றாக வைத்துக்கொள்வது இங்கே வெறும் பாசம் மட்டுமல்ல.

சரி, ஒழுகலுக்கு வருவோம்.

பெரும்பாலான பைக்குகளில் எண்ணெய் எஞ்சினுக்கு அடியிலேயே தேங்கி நிற்கும். எஸ்ஆரில் அப்படியில்லை, இது டிரை சம்ப் வகை. எண்ணெய் இருப்பது சேசிஸ் குழாய்க்குள். பெட்ரோல் டேங்குக்கு முன்னால், ஹேண்டில்பாருக்குக் கீழே ஒரு மூடி இருக்கும். திருகித் திறந்தால் அதோடு சேர்ந்து அளவுக்கோலும் வெளியே வரும். அங்கிருந்து எஞ்சினுக்கு முன்னால் இறங்கும் தடித்த குழாய்தான் எண்ணெய்த் தொட்டி. அதன் அடியிலிருந்து ஒரு குழாய் பம்புக்குப் போகிறது. பம்ப் எண்ணெயை வடிகட்டி வழியாகத் தள்ளி, ஒரு பங்கை பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்குக்கும் கியர்களுக்கும் கொடுக்கிறது. இன்னொரு பங்கு எஞ்சினுக்கு வெளியே, சிலிண்டரை ஒட்டி ஏறும் மெல்லிய உலோகப் பைப் வழியாக சிலிண்டருக்கு மேல் மூடியாக இருக்கும் ஹெட்டுக்குப் போய், வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் ராக்கர்களையும் கேமையும் நனைக்கிறது. வேலை முடித்துக் கீழே வடிந்த எண்ணெயை பம்பின் இன்னொரு பாதி உறிஞ்சி மறுபடியும் சேசிஸுக்கு அனுப்பிவிடும். மொத்தமாக இந்தச் சுற்றில் ஓடுவது இரண்டு லிட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

ஊரில் பழைய வார்ப்பிரும்பு சிலிண்டர் புல்லட் ஓட்டியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சென்னை திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்த அந்த வண்டிகளிலும் ராக்கருக்கு எண்ணெய் கொண்டுபோகும் பைப் எஞ்சினுக்கு வெளியேதான் ஓடும். அந்த பைப்பின் முனையில் கசிந்து காய்ந்த கறுப்புக் கறையைப் பார்த்தே வளர்ந்த தலைமுறை ஒன்று இருக்கிறது. "புல்லட்னா ஒழுகத்தான் செய்யும்" என்று அதை ஏற்றுக்கொண்டவர்களும் உண்டு. எனக்கு அந்த ஏற்பு பிடிக்காது. சரியாக மாட்டிய பைப் ஒழுகாது.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், எஸ்ஆரின் கிராங்கில் இருப்பவை குண்டு பேரிங்குகளும் ஊசி உருளைகளும். கார் எஞ்சின்போல் எண்ணெய்ப் படலத்தின் அழுத்தத்தில் மிதக்கும் வழவழப்பான பேரிங்குகள் இல்லை. அதனால் இந்த எஞ்சினுக்கு எண்ணெய் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தால் போதும், பெரிய அழுத்தம் தேவைப்படாது. ஹெட்டுக்கு ஏறும் பைப்பில் இருப்பதும் குறைந்த அழுத்தம்தான். அவ்வளவு குறைந்த அழுத்தத்திலும் ஒரு இணைப்பு கசிகிறதென்றால், போல்ட்டு போதுமான அளவு இறுகவில்லை என்பது காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒன்றோடொன்று உட்காரும் பரப்புகளில் ஏதோ சரியில்லை. எவ்வளவு முறுக்கினாலும் பரப்பு சரியாகாது.

என் வண்டியில் ஒழுகல் சாதாரண நாளில் கண்ணுக்கே தெரியாது. மலேசியாவின் ஜொகூருக்குப் போகும் உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் வெள்ளிக்கிழமை சாயங்கால வரிசையில் நின்றால்தான் தெரியும். காற்றில் குளிரும் எஞ்சினுக்கு வண்டி நகர்ந்தால்தான் காற்று. அந்த வரிசையில் முன்னால் இருப்பவர் ஒரு அடி நகர்ந்தால் நாமும் ஒரு அடி, அப்புறம் மறுபடி நிற்பது. எஞ்சின் கொதிக்கும், எண்ணெய் நீர்த்துப்போகும், குளிர்ந்த நேரத்தில் அடைபட்டிருக்கும் இடுக்குகள் வழியே மெல்ல வெளியே வரும். ஹெட்டின் விசிறித் தகடுகளுக்கு இடையே புகை நூலாக எழும்பி, எரிந்த எண்ணெய் வாசம் ஹெல்மெட்டுக்குள் வந்துவிடும். துவாஸில் இருக்கும் இரண்டாவது பாலம் வழியே போனால் நெரிசல் பெரும்பாலும் குறைவு, ஆனால் வடக்கே இருக்கும் எனக்கு அது சுற்றுவழி.

வேலை செய்தது காக்கி புக்கிட்டில், தெரிந்தவர் ஒருவரின் பட்டறையில். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்நிறுத்துமிடத்தில் எண்ணெய் வேலை செய்யக் கூடாது. சிந்தும் எண்ணெய் வடிகாலுக்குப் போகும், வடிகால் நீர்த்தேக்கத்துக்குப் போகும். நாம் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். பட்டறையில் பழைய எண்ணெய்க்கென்று தனியாக டிரம் இருக்கிறது, உரிமம் பெற்றவர்கள் வந்து எடுத்துப்போவார்கள். அங்கே வேலை பார்க்கும் அண்ணன் ஜொகூர்காரர். தினமும் பாலம் கடந்து வருபவர், கைவேலையில் சுத்தம் பார்ப்பவர். நான் ஸ்பேனரை எடுத்ததுமே தடுத்துவிட்டார்.

"தம்பி, மொதல்ல தொடைங்க. அழுக்கு மேல எங்கருந்து ஒழுகுதுன்னு யாருக்குமே தெரியாது."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஓடும் வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளிக்கொண்டு போகும். ஹெட் முனையில் கசியும் எண்ணெய் சிலிண்டரின் அடி கேஸ்கெட்டில் வந்து சொட்டும். பார்ப்பவர் கேஸ்கெட் போய்விட்டது என்று எஞ்சினையே பிரித்துவிடுவார். அதனால் எஞ்சின் ஆறியதும் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் டிகிரீசர் அடித்து, பழைய டூத்பிரஷால் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவி, காற்றடித்துக் காய வைத்தோம். அப்புறம் சந்தேகப்பட்ட இணைப்புகளைச் சுற்றி முகப்பவுடர் தூவினேன். அந்தப் பக்கத்துத் தெருக்களில் ஒரு சின்ன ஓட்டம். திரும்பி வந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, வெள்ளைப் பவுடரில் இரண்டு இடம் மட்டும் நனைந்து பழுப்பாகியிருந்தன. ஒன்று, ஹெட்டில் பைப்பைப் பிடித்திருக்கும் போல்ட்டு. மற்றது, சேசிஸ் அடியிலிருந்து வரும் குழாயின் கிளிப். கேஸ்கெட் உலர்ந்தே இருந்தது.

அந்த ஹெட் போல்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாதாரண போல்ட்டு மாதிரி தெரிந்தாலும் இது உள்ளே குடைந்த போல்ட்டு. நடுவில் துளை, பக்கவாட்டில் குறுக்குத் துளை. பைப்பின் முனையில் ஒரு வளையம் இருக்கும். போல்ட்டு அந்த வளையத்துக்குள் நுழைந்து ஹெட்டில் முடுக்கப்படும். வளையத்துக்கு மேலே ஒரு செம்பு வாஷர், கீழே ஒரு செம்பு வாஷர். பைப்பில் வரும் எண்ணெய் வளையத்துக்குள் சுற்றி, குறுக்குத் துளை வழியே போல்ட்டுக்குள் புகுந்து ஹெட்டுக்குப் போகும். எண்ணெயை வெளியே விடாமல் தடுப்பவை அந்த இரண்டு வாஷர்கள்தான். போல்ட்டின் மரைக்கு அடைக்கும் வேலையே இல்லை, அது அழுத்திப் பிடிக்க மட்டும்தான்.

குடைந்த போல்ட்டு என்பதால் அதில் உலோகம் குறைவு. குறுக்குத் துளை இருக்கும் இடம்தான் அதன் பலவீனமான இடம். ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று முறுக்கிக்கொண்டே போனால் அங்கேதான் முறியும். முறியாவிட்டால் அலுமினிய ஹெட்டின் மரை பிய்ந்துகொண்டு வரும். இரண்டில் எது நடந்தாலும், சில காசு வாஷரில் முடிந்திருக்க வேண்டிய வேலை ஹெட்டைக் கழற்றி, அழிந்த மரைக்குப் பதில் கம்பிச்சுருள் மரை (ஹெலிகாயில்) போடும் வேலையாகிவிடும். ஆரம்பத்தில் சொன்ன அந்த யோசனையை நான் இவ்வளவு எதிர்ப்பதற்குக் காரணம் இதுதான்.

போல்ட்டைக் கழற்றியதும் தெரிந்தது, எனக்கு முன்னால் யாரோ ஒருவர் இந்த ஒழுகலோடு போராடியிருக்கிறார் என்று. வெளிச்சத்துக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். கீழ்ப்பக்கத்தில் ஒன்றுக்கு இரண்டு வாஷர்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. பழையதை எடுக்காமலே அதன்மேல் புதியதை வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒட்டிப்போய், நகத்தால் நெம்பினால் பிரியாத அளவுக்கு இறுகியிருந்தன. பழைய வாஷரின் முகத்தில் வட்டமாக ஒரு பள்ளம். பல தடவை ஒரே இடத்தில் நசுங்கிய தடம் அது. அந்தப் பள்ளத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு முடியளவு கீறல் ஒன்று ஓடியது. எண்ணெய் வெளியே வந்த பாதை அதுதான். போல்ட்டின் மரையில் வெள்ளை டெஃப்ளான் நாடாவின் துணுக்குகள். எல்லாவற்றுக்கும் மேல், குறுக்குத் துளையின் வாயில் கறுப்பு சிலிக்கோன் பசை ஒரு நாக்குபோல் நீட்டிக்கொண்டிருந்தது. ஊசியால் தொட்டதும் பாதி பிய்ந்து கையோடு வந்தது.

அந்தப் பாதி பட்டறையில் பிய்ந்து வராமல் எஞ்சின் ஓடும்போது பிய்ந்திருந்தால் நேராக ராக்கரின் எண்ணெய்த் துளைக்குத்தான் போயிருக்கும். அந்தத் துளைகள் மிகச் சிறியவை. அடைபட்டால் ஹெட்டுக்கு எண்ணெய் போகாது. உள்ளே கேமும் ராக்கரும் காய்ந்துபோய் ஒன்றையொன்று அரைக்கும். வெளியே பார்ப்பவருக்கு எல்லாம் நன்றாக இருப்பதுபோல்தான் தெரியும். எண்ணெய் ஓடும் பாதையில் சிலிக்கோன் பசை வைப்பதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். டெஃப்ளான் நாடாவும் அப்படித்தான், வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கு அது அருமையான பொருள், இங்கே அதற்கு வேலை இல்லை.

இந்த நாடா விஷயத்தில் குழப்பம் வருவதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. இணைப்புகளில் இரண்டு சாதி உண்டு. ஒன்றில் மரை நேராக ஓடும், அடைப்பது வாஷரோ ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமோ. இன்னொன்றில் மரையே கூம்பாகக் குறுகும், முடுக்க முடுக்க மரைகள் ஒன்றுக்குள் ஒன்று நெருங்கி அடைக்கும். இந்த இரண்டாவது வகைக்குத்தான் மரையில் பூசும் அடைப்பான் தேவை. ஹார்லி எஞ்சின்களில் எண்ணெய்க் குழாய் முனைகள் கூம்பு மரையில் வருவது வழக்கம், அமெரிக்க அளவு, எட்டில் ஒரு அங்குல என்பிடி. அதற்கு அங்குலத்துக்கு 27 மரை, மரையின் கோணம் 60 பாகை. அதே எட்டில் ஒரு அங்குலப் பெயரில் வரும் பிரிட்டிஷ் மரைக்கு அங்குலத்துக்கு 28 மரை, 55 பாகை. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று இரண்டு மூன்று சுற்று சுகமாக ஏறும், அப்புறம்தான் இறுகும். அந்த இறுக்கத்தை "நன்றாக உட்கார்ந்துவிட்டது" என்று நினைத்து ஸ்பேனரை அழுத்தினால் அலுமினியத்தின் மரை அழிந்துவிடும். எண்ணெய் அழுத்தமானி போட ஆசைப்படுபவர்கள் இணையத்தில் முனை வாங்கும்போது, மரை அளவியை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். விரலால் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்பதை நம்பாதீர்கள்.

வாஷருக்குத் திரும்புவோம். செம்பு ஏன் என்றால், அது மென்மையானது. முடுக்கும்போது எதிர்ப்பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்கு ஏற்ப நசுங்கிக்கொடுக்கும். ஆனால் ஒருதரம் நசுங்கிய செம்பு கடினமாகிவிடுகிறது, இரண்டாம் முறை அவ்வளவு நசுங்காது. அதனால்தான் ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புது வாஷர் போடச் சொல்கிறார்கள். புதிது கையில் இல்லையென்றால் பழையதைச் சூடாக்கி இளக்கலாம். கம்பியில் கோத்து, கேஸ் டார்ச் நெருப்பில் மங்கிய சிவப்பாகும்வரை காட்டி எடுத்தால் போதும். தண்ணீரில் போட்டாலும் சரி, அப்படியே ஆறவிட்டாலும் சரி. இரும்பைப்போல் செம்பு தண்ணீரில் தோய்த்தால் கடினமாகாது. அலுமினிய வாஷரிடம் மட்டும் இந்த வேலை வேண்டாம். அது 660 பாகை செல்சியஸில் உருகிவிடும், உருகுவதற்கு முன் சிவந்து எச்சரிக்கவும் செய்யாது.

நெருப்பில் காட்டிய செம்பின்மேல் கறுப்பாக ஒரு தோல் படியும். அதை எடுக்க அண்ணன் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. சாப்பாட்டுப் பையிலிருந்து கொஞ்சம் புளியை எடுத்துத் தண்ணீரில் கரைத்து வாஷரைத் தேய்த்தார். குத்துவிளக்கும் செம்புக் குடமும் துலக்கிய வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். புளியின் அமிலம் அந்தத் தோலைக் கரைப்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது! நன்றாகக் கழுவித் துடைத்ததும், கண்ணாடித் துண்டின்மேல் மிக நைசான உப்புத்தாளை விரித்து, வாஷரை ஒற்றை விரலால் அழுத்தி எட்டு வடிவத்தில் தேய்த்தார். பள்ளங்கள் மறைந்து முகம் முழுக்க ஒரே நிறமாக வந்தது. இப்படிச் செய்தது கற்றுக்கொடுப்பதற்காக. வண்டியில் போட்டது புது வாஷர்கள்தான், விலை ஒரு வெள்ளிக்கும் குறைவு.

வாஷர் புதிதானாலும் அது உட்காரும் பரப்பு சரியாக இருக்க வேண்டும். பைப்பின் வளையத்தில் இரண்டு முகமும், ஹெட்டின் முகமும், போல்ட்டுத் தலையின் அடிமுகமும் எனப் பார்க்க வேண்டியவை நான்கு. என் வளையத்தின் ஒரு முகத்தில் ஸ்பேனர் நழுவிய வடு இருந்தது. கண்ணாடிமேல் உப்புத்தாளில் தேய்த்ததில் போய்விட்டது. ஹெட்டின் முகத்தைத் தேய்க்கவே இல்லை. அங்கே தூள் விழுந்தால் நேராக எஞ்சினுக்குள் போகும். பனியன் துணியில் ஆல்கஹால் நனைத்துத் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தோம், சுத்தமாகவே இருந்தது. பைப்பின் உள்ளேயும் டிகிரீசர் விட்டுக் காற்றடித்தபோது, இன்னும் சில சிலிக்கோன் துணுக்குகள் வெள்ளைத் துணியில் வந்து விழுந்தன. வராத வரைக்கும் திரும்பத் திரும்ப அடித்தோம்.

கீழ்க் குழாயின் கதை வேறு. அது பம்ப் எண்ணெய் உறிஞ்சும் பக்கம். வண்டி நிற்கும்போது சேசிஸில் நிறைந்திருக்கும் எண்ணெயின் எடை அந்த இணைப்பை அழுத்துவதால் சொட்டும். ஓடும்போது அதே இடுக்கு வழியே காற்று உள்ளே போகலாம். வெளியே சொட்டுவதைவிட அது மோசம். முன்பு ஒருவர் பல் வைத்த திருகு கிளிப் போட்டிருந்தார். அந்தப் பற்கள் ரப்பரை அறுத்து நான்கைந்து கோடுகள் விழுந்திருந்தன. ரப்பரும் வெயிலிலும் சூட்டிலும் இறுகி, வளைத்தால் மேல்தோலில் நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தன. இங்கே கிளிப்பை மட்டும் மாற்றிப் பிரயோஜனமில்லை. சேசிஸ் எண்ணெயை முழுக்க வடித்துவிட்டு, குழாயையே மாற்றினோம். எண்ணெய்க்கென்றே செய்த நைட்ரில் ரப்பர், உள்ளே நூல் பின்னல் வைத்தது. உறிஞ்சும் பக்கத்துக்குச் சுவர் மெல்லிய குழாயைப் போட்டால் சூட்டில் இளகி உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். கிளிப், உள்பக்கம் வழவழப்பாக இருக்கும் பட்டை வகை.

இந்த இடத்தில் பலரும் கேட்பார்கள், எஃகுப் பின்னல் குழாய் போட்டால் என்ன என்று. பார்க்க அழகுதான், அதற்கான ஏஎன் வகை இணைப்பு முனைகளும் நல்ல தயாரிப்புகள். 37 பாகைக் கூம்பு உலோகத்தோடு உலோகம் உட்காரும் வகை என்பதால் வாஷரே தேவையில்லை. முனையின் அளவெண்ணைப் பதினாறால் வகுத்தால் குழாயின் அங்குல அளவு, ஆறாம் எண் என்றால் எட்டில் மூன்று அங்குலம். எஸ்ஆருக்கும் யமஹாவின் எக்ஸ்டி 500க்கும் ஹெட்டின் இரண்டு ராக்கர் பக்கத்துக்கும் தனித்தனியாக எண்ணெய் பிரித்துக் கொடுக்கும் மாற்றுப் பைப்புகளும் கிடைக்கின்றன. கடுமையாக ஓட்டுபவருக்கு அவை பயன்படும். என் வண்டிக்கு நான் போடவில்லை. எஃகுப் பின்னல் உரசும் இடமெல்லாம் அலுமினியத்தை அரம்போல் அறுக்கும், அதிரும் ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் அது உரசாமல் இருக்க ஒவ்வொரு இடத்திலும் பிடிமானம் கொடுக்க வேண்டும். நகர ஓட்டத்துக்கும் அவ்வப்போது மலாக்கா போய்வருவதற்கும் அசல் உலோகப் பைப் போதும். சரியாக உட்கார்ந்தால் அது இன்னும் பல ஆண்டு தாங்கும்.

திரும்ப மாட்டுவதில் ஒரு முறை இருக்கிறது. முதலில் பைப்பின் இரண்டு முனைகளிலும் எல்லாவற்றையும் கையாலேயே ஏற்றிவிட வேண்டும். ஒரு முனையை முழுக்க இறுக்கிவிட்டு மறுமுனைக்குப் போனால் பைப் இழுபட்டு நிற்கும், வளையம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும். சாய்ந்த வளையத்தை எந்த வாஷராலும் அடைக்க முடியாது. கையால் ஏற்றிய பிறகு பைப்பை இரண்டு விரலால் ஆட்டிப் பார்க்க வேண்டும். தளர்வாக, தானே வசதியாக உட்கார்ந்திருந்தால் சரி. அப்புறம் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்கின் அளவு காட்டும் டார்க் ரெஞ்சை வைத்துக்கொண்டு இரண்டு முனையையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். அந்த அளவு பலரும் நினைப்பதைவிடக் குறைவு. ரெஞ்ச் 'டக்' என்றதும் கை இன்னும் கொஞ்சம் போகத் துடிக்கும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

என் மரை அளவியும் பழைய ஜப்பானிய ஸ்பேனர்களும் சுங்கை ரோடு சந்தையில் வாங்கியவை. 2017 ஜூலையில் அந்தச் சந்தையை மூடிவிட்டார்கள். தேக்காவுக்குப் பக்கத்தில், வெயிலில், பாய் விரித்துப் பழைய கருவிகளைப் பரப்பி வைத்திருந்த பெரியவர்களிடம் பேரம் பேசியே கருவிகளின் தரம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். இந்த மாதிரி வேலை செய்யும்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்வேன்.

எண்ணெய் ஊற்றியதும் உடனே கிக் அடித்து ஸ்டார்ட் செய்யக் கூடாது. புதுக் குழாய் காலி, பைப் காலி, ஹெட்டில் துடைத்த இடம் காய்ந்திருக்கிறது. புதுக் குழாயை மாட்டும் முன்பே அதற்குள் எண்ணெய் நிரப்பினோம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, சாவி அணைத்த நிலையில், கிக்கரை நிதானமாக மிதித்துக்கொண்டே இருந்தேன். பிளக் இல்லாததால் கால் லேசாகப் போகும். பம்ப் எண்ணெயை இழுத்துத் தள்ள நேரம் கிடைக்கும்.

அதன் பிறகு பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்தோம். இப்போது ஒரு சோதனை பாக்கி. எண்ணெய் உண்மையிலேயே ஹெட் வரை ஏறுகிறதா? எஞ்சினை ஐடிலில் விட்டு, ஹெட் முனையின் போல்ட்டை மிகச் சிறிதளவு தளர்த்திப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் அங்கே எண்ணெய் கசிந்து வர வேண்டும். வராவிட்டால் உடனே எஞ்சினை அணைத்துவிட வேண்டும், காத்திருந்து பார்ப்பது எஞ்சினைக் கொல்லும். அண்ணன் கையில் துணியோடு குனிந்திருந்தார். நான் ஆக்ஸிலரேட்டர் பக்கம் கையை வைக்காமல் நின்றேன். போல்ட்டுத் தலைக்கு அடியில் செம்பு விளிம்பைச் சுற்றி ஈரம் மினுங்கியது, பிறகு தேன் நிறத்தில் ஒரு துளி திரண்டது. "ஏறிருச்சு தம்பி" என்றார். எஞ்சினை அணைத்து, மறுபடி அளவாக முடுக்கி, சுற்றிலும் துடைத்தோம்.

ஒழுகலை நிறுத்தத்தான் வந்தோம், ஆனால் அந்த ஒரு துளி வந்ததில் கிடைத்த நிம்மதிதான் பெரிது. வெளியே ஈரம் இல்லை என்பது உள்ளே எண்ணெய் ஓடுகிறது என்பதற்குச் சான்று ஆகாது. சிலிக்கோன் வைத்தவரும் ஒழுகலை நிறுத்தியதாகத்தான் நினைத்திருப்பார்.

அதற்கப்புறம் வண்டி நன்றாகச் சூடேறி ஆறிய பிறகு, மறுபடியும் பவுடர் தூவிப் பார்த்தேன். கடற்பால வரிசையிலும் நின்று பார்த்தாயிற்று. புகை இல்லை, வாசம் இல்லை, பவுடர் வெள்ளையாகவே இருக்கிறது. இப்போது இருக்கைக்கு அடியில் ஒரு சின்ன டப்பாவில் உதிரி செம்பு வாஷர்கள், ஒரு பட்டைக் கிளிப், ஒரு துண்டு பனியன் துணி வைத்திருக்கிறேன்.

எஸ்ஆர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வேலை முடிந்து எண்ணெய் அளவு பார்க்கும்போது, குளிர்ந்த வண்டியில் பார்க்காதீர்கள். நிற்கும் வண்டியில் எண்ணெய் மெல்லக் கீழே எஞ்சினுக்குள் இறங்கியிருக்கும், கோலில் குறைவாகக் காட்டும். குறைகிறதே என்று மேலும் ஊற்றினால் அளவு கூடிப்போய் மூச்சுக்குழாய் வழியே ஏர் ஃபில்டருக்குள் வந்து நிற்கும். சில நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நேராக நிறுத்தி, அணைத்ததும் கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். எண்ணெய் வாங்கும்போது டப்பாவில் பைக் எண்ணெய்க்கான ஜப்பானிய தர முத்திரையான ஜாசோ எம்ஏ என்று போட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த எஞ்சினில் கிளட்ச்சும் அதே எண்ணெயில்தான் குளிக்கிறது, கார் எண்ணெய் போட்டால் கிளட்ச் வழுக்கக்கூடும்.